சுபாஜினி சொன்ன பெயர்

மேசையில் விரித்திருந்த படத்தில் காடு கரும்பச்சையாகத் தெரிந்தது. அதன் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே வெளிறிப்போன ஓர் இடம். ஜெயமலர் அதன்மேல் விரலை வைத்தார்.

"போன முறை எடுத்த படத்தில இது இல்லை. இது வானத்திலயிருந்து எடுத்தது, மேகம் விலகின நாளாப் பாத்து. ஆரோ உள்ளுக்குப் போய் வெட்டுகினம்."

ஹல்துமுல்லைக்கு மேலே, ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் இருந்தது அந்தப் பிள்ளைக் காம்பரா, கொழுந்துக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் அறை. ஞாயிற்றுக்கிழமையாதலால் பிள்ளைகள் இல்லை. அவர்கள் உட்காரும் குட்டை வாங்குகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு காட்டுக் காவல் குழுவினர் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். ஜெயமலர் யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் இருக்கும் வனத் திட்ட அலுவலகத்திலிருந்து மாதாமாதம் வருபவர். குரல் உயர்த்திப் பேசத் தெரியாதவர். அன்றும் உயர்த்தவில்லை. அதுதான் எல்லோருக்கும் கூடுதலான பயத்தைக் கொடுத்தது.

"நாங்க கீழ் ஓரமாத்தானே சுத்தி வர்றோம், மிஸ்," என்றாள் நல்லம்மா. குழுவில் வயதில் மூத்தவள், வாயிலும் மூத்தவள். "மேல டர்ப்பன்டைன் காட்டுல மரக் காண்ட்ராக்டர் ரஜீவோட ஆளுங்க பெர்மிட்டோட வெட்டுறாங்க. மெஷின் சத்தம் கேட்டா அதுன்னுதான் நெனைப்போம்."

"அந்தச் சத்தத்துக்குப் பின்னாலதான் இது நடந்திருக்கு. சுபாஜினி, நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையா?"

சுபாஜினி படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இல்ல, மிஸ்," என்றாள்.

அது பொய். முந்தின நாள் பின்னேரமே அவளுக்குத் தெரியும்.

அவளுடைய புருஷன் அழகர், ரஜீவிடம் மரம் அறுக்கும் மெஷின் பிடிக்கிறவர். தோட்டத்துக்கு மேலே வரிசையாக நட்டு வளர்த்த, டர்ப்பன்டைன் என்று அவர்கள் சொல்லும் யூக்கலிப்டஸ் மரங்களை வெட்டி லொறியில் ஏற்றுவது அவர்கள் வேலை. அந்த மரத்தை வெட்டிவிட்டு வருகிறவரின் சட்டை இருமல் மருந்துபோல மணக்கும். வருஷக்கணக்காக அந்த வாசத்தைத்தான் தண்ணீர் விழும் பீலியடியில் அலசி ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்தச் சனிக்கிழமை சட்டையை நனைத்தபோது அந்த வாசம் இல்லை. ஈர மண்ணும் புளிப்பும் கலந்த ஏதோ ஒன்று மணந்தது. மடிப்பிலிருந்து உதிர்ந்த மரத்தூள் செக்கச்செவேலென்று தண்ணீரில் போனது. கீனா மரம். கீனா, டர்ப்பன்டைன் காட்டில் இல்லை. அதற்கும் மேலே, யாரும் நடாமல் தானாக நிற்கிற மேல்காட்டில்தான் இருக்கிறது.

சுபாஜினி பிறந்தது அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில். அவள் சிறுமியாக இருந்தபோது, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே இருந்த காட்டை மொட்டையடித்துக் காய்கறி போட்டார்கள். அடுத்த பெருமழைக்கு அந்தச் சரிவு இறங்கி வந்தது. அவர்களுடைய லயம் தப்பியது. அடுத்த லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்த அவளுடைய வகுப்புத் தோழி ஆர்த்திகா தப்பவில்லை. சேற்றைத் தோண்டிய ஆண்கள் பேசாமல் நின்ற விதம் மட்டும் அவளுக்கு நினைவிருக்கிறது. அதன் பிறகு மழை இரவுகளில் அவள் அம்மா பிள்ளைகளைச் செருப்போடுதான் தூங்க வைப்பாள்.

கலியாணமாகி ஊசிக்கல்லுக்கு வந்தவள் முதலில் கவனித்ததே மேல்காட்டைத்தான். மேலே மரம் நிற்கிறது, அதனால் தூங்கலாம். அவ்வளவுதான் அவளுக்கு அன்று காட்டைப் பற்றித் தெரிந்தது.

ஜெயமலர் முதன்முதலாக வந்து காபன் என்று பேச ஆரம்பித்தபோது லயத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். "மரத்துக்குள்ள காபன் எண்டொண்டு இருக்கு. மரத்தை வெட்டி எரிச்சாலும் சரி, உக்க விட்டாலும் சரி, அது வானத்துக்குப் போயிடும். போகப் போக உலகமே சூடாகும், மழை தவணை தப்பும். கார், ஃபக்டரி விடுற புகைமாதிரித்தான் காடு அழியிறதும். அதுக்காக நாங்கள் உங்களை மரம் நடச் சொல்லேல்லை. நிக்கிறதை நிக்க விடுங்கோ எண்டுதான் கேக்கிறம். காடு குறையாமல் நிண்டால் வெளிநாடுகள் இந்தத் திட்டத்துக்கு உதவி தரும். குறைஞ்சால் தராது."

"நிக்க விட்டா நாங்க சோத்த எதுல பொங்குறது?" என்று கேட்டவள் நல்லம்மா. எல்லோரும் ஆமாம் என்றார்கள். விறகுக்குக் காட்டுக்குள் போகக்கூடாது என்று திட்டத்தில் எழுதியிருந்தது. ஜெயமலர் திட்டத் தாளைப் புரட்டித் தேடியபோது, பின்னால் நின்ற சுபாஜினி, "விறகுக்கு வழி சொல்லிட்டுக் காட்டைப் பூட்டுங்க, மிஸ். இல்லாட்டி எல்லாரும் திருடித்தான் போவோம்," என்றாள்.

ஜெயமலர் அதைப் பதுளைக்குக் கொண்டுபோய்ச் சண்டை பிடித்தார். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை, தேயிலை பிடுங்கிப்போட்டுச் சும்மா கிடந்த ஒரு துண்டு மலையை விறகு மரம் வளர்க்க விட்டுக் கொடுத்தார். அது வளரும்வரை விழுந்த காய்ந்த கிளைகளைப் பொறுக்கலாம், அரிவாள் கொண்டு போகக்கூடாது என்று முடிவானது. விறகு குறைவாகக் குடிக்கும் அடுப்பும் வந்தது. காவல் குழு என்று ஒன்று போட்டபோது, கொழுந்து நேரம் முடிந்து காட்டோரம் சுற்றி வர முதலில் கை தூக்கியவள் சுபாஜினி. சிரித்த லயமே பிறகு அவளைத் தலைவியாக்கியது.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை "இல்ல, மிஸ்" என்று சொன்னபோது, அவள் சொல்லை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. ஜெயமலர்கூட.

வீட்டுக்கு வந்ததும் குசினிக் கதவைச் சாத்திவிட்டு அழகருக்கு முன்னால் நின்றாள்.

"மேல்காட்டுல கீனா வெட்டுனீங்களா?"

அழகர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். மறுக்கவில்லை. "ரஜீவ் பெர்மிட்ட நீட்டிக் குடுத்துட்டாங்கன்னு சொன்னான்."

"நீங்க நம்புனீங்களா?"

"மொத நாள் நம்புனேன்."

"அப்புறம்?"

அவர் மூலையில் இருந்த மெஷினைப் பார்த்தார். அவளுக்கு அதுவே போதும். ஒருமுறை தோட்டத்தில் நடந்த தகராறில் வேலைப் பதிவிலிருந்து அழகருடைய பேரை வெட்டிவிட்டார்கள். எந்தத் தோட்டத்திலும் வேலை கொடுக்கவில்லை. அப்போது வீடு தேடி வந்து மெஷினைக் கையில் கொடுத்தவன் ரஜீவ். இதே லயத்தில் பிறந்து, லொறி கிளீனராகப் போய், மரக் காண்ட்ராக்டராகத் திரும்பி வந்தவன். அவன் போட்ட சோறு என்ற எண்ணம் அழகருக்கு உண்டு.

"நான் வெட்டலேன்னா வேற ஒருத்தன் வெட்டப் போறான், சுபா."

"வேற ஒருத்தன் என் புருஷன் இல்லியே."

"இப்ப என்ன செய்யணுங்கற? போய்ச் சொல்லப் போறியா? சொன்னா மொதல்ல உள்ள போறது ரஜீவ் இல்ல, நான். மெஷின் பிடிச்ச கை என்னோடது."

"நாளைக்கு மேல போகாதீங்க. அது போதும். மிச்சத்த நான் யோசிக்கிறேன்."

அழகர் தலையாட்டினார். மறுநாள் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்.

அன்று கொழுந்து முடிந்ததும் சுபாஜினி நல்லம்மாவைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினாள். ஆவணி மாதக் காற்று மலைமுகட்டில் மோதி ஊளையிட்டது. மழை விட்டு வெகு நாளாகியிருந்தது. மானாப்புல் மேடு முழுவதும் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடந்தது. புல் மேட்டைத் தாண்டினால் டர்ப்பன்டைன் மரங்கள், அதைத் தாண்டினால் மேல்காடு. காட்டுக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போனதும் மேலிருந்து வெளிச்சம் விழுந்தது. விழக்கூடாத இடத்தில் விழுந்த வெளிச்சம்.

பாசி படிந்த பெரிய மரங்கள் இருந்த இடத்தில் சிவந்த அடிக்கட்டைகள். நசுங்கிய பன்னச் செடிகள். லயத்துப் பீலிக்கு வருகிற ஓடை அந்த இடத்தில்தான் ஊற்றெடுக்கிறது; அதன்மேல் மரத்தை இழுத்த தடம் சேறாகக் கிடந்தது.

நல்லம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "இது அழகர் வேலதானே?" என்று கேட்டாள்.

சுபாஜினி பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. ரஜீவ் நின்றுகொண்டிருந்தான். கூட ஒருவரும் இல்லை. முகத்தில் கோபமும் இல்லை.

"என்னக்கா, இவ்வளவு தூரம்? அழகரண்ணனுக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டேன்."

"இத யாரு வெட்டச் சொன்னது, ரஜீவ்?"

"நம்ம ஆளுங்களுக்கு வேல வேணாமா? வெள்ளக்காரன் நாட்டுல அவன் காட்ட எல்லாம் எப்பவோ வெட்டித் தின்னுட்டு, இப்ப நம்மகிட்ட வந்து தொடாதேங்குறான். நீங்களும் அத நம்பிக்கிட்டுக் காவல் நிக்கிறீங்க."

"அவன் வெட்டுனது தப்புன்னா நீ வெட்டுறதும் தப்புதானே. இந்த ஊத்து வத்திப்போனா வெள்ளக்காரனா தண்ணி தூக்கிட்டு வருவான்?"

ரஜீவ் சிரித்தான். கீழே புல் மேட்டைப் பார்த்தான். "காத்து மாசம், அக்கா. ஆடு மேய்க்கிறவன் பீடியப் போட்டாலே போதும். இந்த மேடு எரிஞ்சா மேல எல்லாம் எரியும். அப்புறம் எது வெட்டுன மரம், எது எரிஞ்ச மரம்னு யாரு பார்க்கப் போறா? ஒருத்தரும் உள்ள போக வேண்டியதில்ல. அண்ணனும்தான்."

அவன் இறங்கிப் போனான்.

"நெருப்பு வைப்பேன்னு சொல்லிட்டுப் போறான்," என்றாள் நல்லம்மா.

"அப்படிச் சொல்லல. ஆனா அதத்தான் சொல்லிட்டுப் போறான்."

இறங்கும் வழியில் போனுக்கு சிக்னல் கிடைக்கிற ஒரு பாறை உண்டு. சுபாஜினி அதன்மேல் ஏறி நின்றாள். நல்லம்மா கீழே நின்று அவளையே பார்த்தாள். தடுக்கவில்லை. ஒரு தடவை மட்டும், "ஒன் புருஷன், ஒன் குடும்பம். நல்லா யோசிச்சுக்க," என்றாள்.

ஜெயமலர் போனை எடுத்ததும் சுபாஜினி ஒரே மூச்சில் சொன்னாள்: எந்த இடம், என்ன மரம், ரஜீவ் பேசியது. "நேத்து நான் பொய் சொன்னேன், மிஸ். மெஷின் பிடிச்சது என் வீட்டுக்காரர். அழகர்."

"விளங்குது," என்றார் ஜெயமலர். "நாளைக்கு வன அதிகாரிகளோட வாறன். அதுவரைக்கும் அந்தப் புல் மேட்டில ஒரு கண் வைச்சிருங்கோ. சுபாஜினி... இதைச் சொல்லுறது உங்களுக்கு லேசில்லை எண்டு எனக்குத் தெரியும்."

வீட்டில் அழகரிடம் மறைக்கவில்லை. சொல்லி முடிக்கும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, மூலையில் இருந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் அவளோடு யாரும் சரியாகப் பேசவில்லை. விஷயம் அதற்குள் லயம் முழுக்கப் பரவியிருந்தது. ரஜீவிடம் வேலை செய்கிறவர்களின் மனைவிமார் அவளைத் தாண்டிப் போகும்போது கூடையை மறுபக்கம் மாற்றிக்கொண்டார்கள். அழகர் வீட்டுக்கு வரவில்லை. சுபாஜினியும் நல்லம்மாவும் மேட்டைப் பார்த்தபடியே, மேல் மலையின் கடைசி நிரையில் கொழுந்தெடுத்தார்கள்.

பகல் ஏறியபோது நல்லம்மா நிமிர்ந்தாள். "அது பனியா?"

அது பனியில்லை. மேட்டின் கீழ்க்கோடியில் வெள்ளையாக எழுந்து, ஒரு நொடியில் காற்றில் மடங்கி, தரையோடு தரையாக மேல்நோக்கி ஓடியது. பிறகுதான் சடசடவென்ற சத்தம் வந்தது.

சுபாஜினி கூடையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கத்தினாள். "மம்பட்டி எடுத்துக்கிட்டு மேல வாங்க! கவ்வாத்துக் கத்தி எடுங்க! இடுப்புப் படங்க நனைச்சுக் கட்டுங்க!"

யாரும் அசையவில்லை. ஒருத்தி, "எரியட்டும் விடு. எரிஞ்சா ஒன் புருஷனுக்குத்தானே நல்லது," என்றாள். கேலியா, பரிதாபமா என்று புரியாத குரல்.

"காடு எரிஞ்சு மொட்டையாச்சுன்னா, மழை வரும்போது மலை எந்தப் பக்கம் வரும்? ஒன் காம்பராப் பக்கமா, என் காம்பராப் பக்கமா? சொல்லு!"

முதலில் ஓடியவள் நல்லம்மா. பிறகு மற்றவர்கள். கணக்கப்பிள்ளை விசில் ஊதி, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த ஆண்களையும் மேலே அனுப்பினார். துரை ஹல்துமுல்லைக்குப் போன் போட்டார். அங்கே அதைக் கேள்விப்பட்ட இன்ஸாப் என்பவன், கட்டட வேலைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் தன் பவுசர் லொறியை யாரும் கேட்காமலே மேலே திருப்பினான்.

புல் மேட்டில் நெருப்பைத் தடுக்க ஒன்றும் செய்ய முடியாது என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஆள் உயரப் புல்லில் அது குதிரைபோல வந்தது. தடுப்பதென்றால் டர்ப்பன்டைன் மரங்களுக்கும் மேல்காட்டுக்கும் நடுவில்தான் முடியும். லொறிப் பாதையால் சுற்றி ஏறிய பெண்கள் அந்த எல்லையில் வரிசையாக நின்று சருகை வழித்துச் செம்மண்ணைக் கொத்தினார்கள். எண்ணெய் ஊறிய சருகு அள்ள அள்ள வந்துகொண்டே இருந்தது. ஆனால் தரையைச் சுத்தம் செய்து என்ன பயன்? மேலே டர்ப்பன்டைன் கிளைகள் காட்டு மரங்களின் கிளைகளோடு பின்னிக் கிடந்தன. அந்த மரத்தின் தலை பற்றிக்கொண்டால் பந்தம்போல எரிந்து மறுபக்கம் பாயும்.

"கடைசி வரிசை மரத்தச் சாய்க்கணும்," என்றார் ஆண்களில் ஒருவர். "கோடாலியால ஆகாது."

அப்போதுதான் பாதையில் அழகர் ஏறி வந்தார். தோளில் மெஷின். முகம் கறுத்து, தூங்காத கண்ணோடு. எல்லோரும் கொத்துவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். காட்டுக்குள் இருக்கும் அடிக்கட்டைகள் எரிந்துபோனால் அவருக்கு எதிராக ஒன்றும் மிஞ்சாது. அவர் சும்மா திரும்பி நடந்தாலே போதும். சுபாஜினிக்கும் அது தெரியும். அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசினால் அவர் திரும்பிப் போய்விடுவாரோ என்று பயந்தாள்.

அழகர் யாரையும் பார்க்காமல் மெஷினைத் தரையில் வைத்துக் கயிற்றை இழுத்தார். அது உறுமியது.

"கீழ்ப்பக்கமாச் சாய்க்கிறேன். எல்லாரும் மேல ஏறிக்கங்க."

முதல் மரம் நெருப்பு வரும் திசைக்கே விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. விழுந்த மரங்களின் கிளைகளை ஆண்கள் கழித்து இழுத்து எறிந்தார்கள். கிளைகளுக்கு இடையே வானம் கோடாகத் திறந்தது. அந்தக் கோடு நீள நீள, புகையும் அதே வேகத்தில் நெருங்கியது. கண் எரிந்தது. கீழே டர்ப்பன்டைன் தோப்பின் முதல் மரம் அடியிலிருந்து தலைவரை ஒரே மூச்சில் பற்றிக்கொண்டது. அந்தச் சத்தத்தில் சில பெண்கள் அழுதுகொண்டே கொத்தினார்கள்.

"போதும், வாங்க!" என்று சுபாஜினி கத்தினாள். அழகருக்கு இன்னும் சில மரம் பாக்கி. மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்டும் நிற்கவில்லை. கோட்டின் கடைசியில், புகைக்குள் அவருடைய முதுகு தெரிவதும் மறைவதுமாக இருந்தது.

காற்று திடீரென்று பக்கம் மாறியது. பற்றியெரிந்த கிளையொன்று முறிந்து பறந்து வந்து அவர்மேல் விழுந்ததைச் சுபாஜினி பார்த்தாள். மெஷின் சத்தம் நின்றது.

அவள் ஓடினாள். பின்னால் நல்லம்மா ஏதோ கத்தியது கேட்டது. அழகர் குப்புறக் கிடந்தார்; இடது தோளில் சட்டை எரிந்துகொண்டிருந்தது. இடுப்பில் கட்டியிருந்த ஈரச் சாக்குப் படங்கை அவிழ்த்து அவர்மேல் போட்டு அமுக்கினாள். தூக்க முடியவில்லை. மூச்சுக்குள் நெருப்பு போவதுபோல இருந்தது. அப்போது இன்னொரு கை வந்து அழகரின் காலைப் பிடித்தது. நல்லம்மா. இரண்டு பேரும் அவரைக் கொத்திய செம்மண்மேல் இழுத்துப் போட்டபோது, பாதையின் கடைசி வளைவில் நின்ற பவுசரிலிருந்து வாளி வாளியாகக் கைமாற்றிய தண்ணீர் அவர்கள்மேல் விழுந்தது.

நெருப்பு கோட்டில் வந்து நின்றது. நின்றது என்றால், முழுதாக அல்ல. அழகர் வெட்ட முடியாமல்போன கடைசி மூலையில் அது தாண்டிக் காட்டுக்குள் ஒரு துண்டைத் தின்றது. வனப் பாதுகாப்புக்காரர்களும் ஜெயமலரும் வந்து சேர்ந்தபோது அந்தத் துண்டில்தான் எல்லோரும் நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். பொழுது சாயும்போது அதுவும் அடங்கியது. ஓடை ஊற்றெடுக்கும் இடமும் சிவந்த அடிக்கட்டைகளும் எரியவில்லை. அதிகாரிகள் அவற்றைப் படம் எடுத்தார்கள்.

அழகரைப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கட்டுப் போட்டுப் படுத்திருந்தவர் முதல் சில நாட்கள் அவளோடு பேசவில்லை. ஊட்டினால் சாப்பிட்டார். ஒரு மத்தியானம், ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே கேட்டார்:

"போன் பண்றதுக்கு முந்தி எங்கிட்ட ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டிருந்தா நான் பண்ணியிருக்க மாட்டேன்," என்றாள் சுபாஜினி.

அவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். "நானும் அன்னைக்குத் திரும்பிப் போகலாம்னுதான் நெனைச்சேன். மேல வந்துக்கிட்டிருந்தவன் நெருப்பப் பார்த்ததும் பாதையில பாதி தூரம் எறங்கிட்டேன். அப்புறம் நீ மேல நிக்கிறது தெரிஞ்சுச்சு."

அன்று பின்னேரமே வாக்குமூலம் எடுக்க அதிகாரிகளை வரச் சொல்லும்படி கேட்டார். வெட்டியது தான்தான் என்றும், வெட்டச் சொன்னது ரஜீவ் என்றும் சொன்னார்.

நெருப்பு வைத்தது யார் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை. ஆடு மேய்க்கிறவர்கள் என்று ஒரு கதை, ரஜீவின் ஆள் என்று ஒரு கதை. மரம் வெட்டிய வழக்கில் அழகர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒத்திவைத்த சிறைத் தண்டனை கிடைத்தது. ரஜீவ் பிணையில் வந்துவிட்டான். அவன் வழக்கு தவணைக்கு மேல் தவணையாகப் போகிறது. அழகரின் இடது கை தோளுக்கு மேல் உயராது. இனி மெஷின் பிடிக்க முடியாது. விறகு மலையில் கன்றுகளுக்குக் களை பிடுங்குகிறார். பழைய ஆள்போல அதிகம் பேசுவதில்லை. அவர்கள் வீட்டில் சில விஷயங்களைத் தொடாமல்தான் பேச்சு நடக்கிறது.

லயமும் ஒன்றாகிவிடவில்லை. ரஜீவின் வேலை நின்றுபோன வீடுகளில் இரண்டொருவர் இன்னும் சுபாஜினியின் முகம் பார்ப்பதில்லை. அந்த வருஷம் அளவெடுக்க வந்தவர்கள் காடு குறைந்ததாகத்தான் எழுதினார்கள். உதவி நின்றுவிடும் என்று பேச்சு அடிபட்டது. ஜெயமலர், குறைந்ததை மறைக்காமல் குழுவே சொன்னது, நெருப்பைக் குழுவே நிறுத்தியது என்று கொழும்புவரை போய் வாதாடினார். ஒரு வருஷத் தவணை கொடுத்தார்கள். அதற்குள் காடு இன்னும் குறைந்தால் முடிந்தது.

பிறகு நமுனுகுலப் பக்கத்திலிருந்து செய்தி வந்தது. ரஜீவ் வேறொருவரின் பேரில் அங்கே மரம் எடுக்க ஆரம்பித்திருந்தான். "எங்கட காடு தப்பிச்சுது எண்டு நாங்கள் சந்தோஷப்பட ஏலாது," என்றார் ஜெயமலர். "அங்க போற மரமும் அதே வானத்துக்குத்தான் போகும். அங்கத்தைய பெண்களோட நீங்கள் வந்து கதைக்கோணும். நான் சொன்னால் கேக்க மாட்டினம்."

சுபாஜினி போனாள். நல்லம்மாவும் கூட வந்தாள். மலையைச் சுற்றிச் சுற்றிப் போன பஸ்ஸில் இருவரும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அந்தத் தோட்டத்து லய வாசலில் கொழுந்து முடித்து வந்த பெண்கள் நின்றிருந்தார்கள். ஜெயமலர் பேசத் தொடங்கும் முன்பே அவர்களில் இளவயதுப் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள்.

"ஒங்க வீட்டுக்காரர் பேர நீங்களே போன்ல குடுத்தீங்களாமே. நெசமா?"

"ஆமா," என்றாள் சுபாஜினி.

"எங்க வீட்டுக்காரரும் அங்கதான் வேல செய்றாரு." அந்தப் பெண் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள், பிறகு சத்தத்தைத் தாழ்த்தினாள். "அவர் இன்னும் ஒங்களோட இருக்காரா?"

"இருக்காரு. காலையில சண்டை போட்டுட்டுத்தான் வந்தேன்."

சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பேச்சு இருட்டும் நேரம்வரை நீண்டது; ரஜீவின் ஆள் ஒருவன் தூரத்தில் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று ஒன்றும் முடிவாகவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வருவதாக இரண்டு பேர் மட்டும் சொன்னார்கள். அந்த இளம்பெண் மோட்டார் சைக்கிளை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.